வெளிர்க்கால் ஈப்பிடிப்பானைத் திரும்பப் பெறுவது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நமது பறவை ஆர்வலர் சங்கத்தின் மாத இதழ் தங்கள் கையால் பிழையின்றி வெளிவருவது உறுப்பினர்கள் அனைவருக்கும் பெருமை. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நலம்தான் என்று எனக்கே தெரியும். முந்தாநாள்தான் அண்ணன் போனில் அரை மணி நேரம் பேசினான். இருந்தாலும், வெளியான ஒரு பதிவைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் ஆசிரியருக்கு எழுத்துமூலம், காரணங்களோடு, முழுமையாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது சங்க விதி. அந்த விதியை எழுதியவரே தாங்கள்தான். அதனால் இந்தக் கடிதம் முடியும்வரை தங்களை ஆசிரியர் என்றே அழைப்பதாக இருக்கிறேன், அண்ணி.

விஷயம் இதுதான். சென்ற சனிக்கிழமை வந்த இதழின் நான்காம் பக்கத்தில், ‘நமது ஊரில் முதல் முறை’ என்ற தலைப்பின் கீழ், என் பெயரோடும் நான் எடுத்த புகைப்படத்தோடும் வெளியான பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான், பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் இல்லை. அது வருஷா வருஷம் வந்து போகிற சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பான். திங்கட்கிழமை ஆண்டுப் பட்டியல் அச்சுக்குப் போகிறது. அதில் ஏறிவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு அதை யாரும் இறக்க மாட்டார்கள். அதற்குள் அடித்துவிடுங்கள்.

தங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் முழுமையாக எழுத வேண்டும் என்று விதி இருப்பதால் எழுதுகிறேன். இரண்டும் சிட்டுக்குருவியைவிடச் சின்னது. இரண்டும் பழுப்பு. இரண்டுக்கும் முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம், இப்போதுதான் ஏதோ கெட்ட செய்தி கேட்ட மாதிரி ஒரு பார்வை. சாதாரணப் பழுப்புக்குக் கால் கருப்பு. பழுப்பு மார்புக்குக் கால் வெளுப்பு. சாதாரணத்தின் கீழ் அலகு நுனியில் கருத்திருக்கும். பழுப்பு மார்புக்கு முழுக்க மஞ்சள். மார்பின் பழுப்பு இதற்குக் கொஞ்சம் கூடுதல் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் எதைவிடக் கூடுதல் என்று அந்த நேரத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இருக்காது. ஆக, கடைசியில் எல்லாம் காலில்தான் வந்து நிற்கிறது. தங்கள் படிவத்தில், ‘இதைப் போன்ற வேறு இனங்களை எப்படி விலக்கினீர்கள்?’ என்று ஒரு பெரிய கட்டம் போட்டுப் பத்து வரி இடம் விட்டிருப்பீர்களே, அதில் நான் ஒரே சொல்தான் எழுதினேன்: கால்.

இதற்கு முன் நான் ஆறு படிவம் அனுப்பியிருக்கிறேன். ஆறும் ‘விவரம் போதாது’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. நாத்தனார் என்பதால் சலுகை காட்டினார் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் தாங்கள் கவனமாக இருந்தீர்கள். அந்தக் கவனத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதலாவது காய்ந்த இலை. அதை நானே ஒப்புக்கொண்டேன். மூன்றாவது, வெள்ளை உடல், உருண்டைத் தலை, விரிந்த வால், நாற்பது நிமிடம் ஒரே கிளையில் அசையாமல் இருந்தது. விளையாட்டுத் திடலை ஒட்டிய மரம் என்று நான் நேர்மையாக எழுதாமல் இருந்திருந்தால் அது இறகுப்பந்து என்று தங்களுக்கும் தெரிந்திருக்காது. ஐந்தாவதில் நான் பார்த்தது ஏதோ ஒரு பறவைதான் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினீர்கள். அதை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது, சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை. எங்கள் சமையலறைக்குப் பின்னால் மூன்று மாடிக்கும் இறங்குகிற இரும்புப் படிக்கட்டும், அதன் மேல் கிளை நீட்டியிருக்கிற மரமும் தங்களுக்குத் தெரியும். அன்று காலை கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பாத்திரம் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், படிக்கட்டின் கைப்பிடியில் அது உட்கார்ந்திருக்கிறது. ஈப்பிடிப்பானின் வேலைமுறையே அதுதானே. ஓரிடத்தில் உட்காரும், பூச்சி போனால் எழும்பிப் பிடிக்கும், திரும்ப அதே இடத்துக்கே வந்து உட்காரும், வேலைக்குப் போய் வருகிற ஆள் மாதிரி. நான் பைனாகுலரை எடுத்து முதலில் காலைத்தான் பார்த்தேன். வெளுப்பு. கீழே இரண்டாவது மாடியில் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கட்டடத்துக்கு அந்த வாரம்தான் பெயிண்ட் அடித்தார்கள். அவர் என்னைப் பார்த்து, “அம்மா, இந்தக் குருவி இருக்கே” என்று ஆரம்பித்தார். நான் கையையும் காலையும் ஆட்டி, “ஷ்ஷ், பேசாதீங்க, பறந்துடும்!” என்றேன். அவர் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அண்ணி, அந்த மனிதரை நான் அன்றைக்குப் பேச விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மூன்று படம் எடுத்தேன். ஒன்றில் கைப்பிடி, ஒன்றில் என் கட்டை விரல், ஒன்றில் பறவை. கால் பளிச்சென்று தெரிந்தது. வெறும் ‘வெளுப்பு’ என்று எழுதினால் விவரம் போதாது என்பீர்களே என்று உட்கார்ந்து யோசித்து, ‘கால்கள்: இளம் வெண்ணெய் நிறம்’ என்று எழுதி அனுப்பினேன். அன்று மாலையே தாங்கள் போன் செய்தீர்கள்.

“கால் நல்லாத் தெரியுதே. எங்க எடுத்தது?”

“நம்ம வீட்டுப் பின்படியில அண்ணி.”

“யாரு எடுத்தா?”

“நான்தான்.”

“நீயேவா?”

“நானேதான் அண்ணி.”

படிவத்தை மறுபடி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, போடறேன்” என்றீர்கள். தாங்கள் அதை எப்படிச் சொன்னீர்களோ தெரியாது, நான் அந்தச் ‘சரி’யை சனிக்கிழமை இதழ் வரும்வரை எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போனேன்.

இதழ் வந்ததும் என் வீட்டுக்காரர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்து அவர்களைப் பதற்றமில்லாமல் வைத்திருப்பது அவர் வேலையில் பாதி. அந்த இரண்டு நாளில் மூன்று லிப்டில் மாட்டியவர்கள் என் ஈப்பிடிப்பானைப் பற்றி ஆதியோடு அந்தமாகக் கேட்டார்கள். கேட்காமல் போக அவர்களால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வெளியே பதினேழு பேர். முன்னால் நம் சங்கத் தலைவர், அவருடைய தொலைநோக்கி ஸ்கோப்பையும் முக்காலியையும் குழந்தையைத் தூக்குவது மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு.

பதினேழு பேரும் ஒரே நேரத்தில் நிற்க அந்தப் படிக்கட்டில் இடமில்லை. என் மாமனார் ஸ்டேஷன் மாஸ்டராக முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ஓய்வுபெற்று, மாமியாரும் போன பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைக் காலை முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பார். இந்தப் பறவை வந்ததிலிருந்து நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தார்: 7.42 வந்தது, 7.44 கிளம்பியது, 7.44 வந்தது. அன்று அவர் பழைய தொப்பியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “ரெண்டு ரெண்டு பேரா வாங்க. இறங்கறவங்களுக்கு மொதல்ல வழி விடுங்க. சார், முக்காலியை ஓரமா வைங்க, வண்டி வர்ற நேரம்” என்றார். பறவை சரியாக 7.42க்கு வந்தது.

தலைவர் ஸ்கோப்பில் பார்த்தார். “கால் எப்படி இருக்கு?” என்று நான் கேட்டேன். “சந்தேகமே இல்ல. வெளுப்பு” என்றார். அடுத்து அந்தப் பல் மருத்துவர் குனிந்து பார்த்தார். அவரைத் தங்களுக்குத் தெரியும், வாழ்நாளில் பார்த்த பறவை இனங்களின் கணக்கில் இரண்டு வருஷமாக முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பதிலேயே நிற்கிறவர். “கீழ்த்தாடை முழுக்க மஞ்சள், மேடம். நுனியில கருப்பே இல்ல” என்றார். தாடையைப் பற்றி ஒரு பல் மருத்துவர் சொல்கிறபோது எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? பின்னால் நின்றவர்களெல்லாம் ஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்பே “ஆமா, மஞ்சள்தான்” என்றார்கள். பல் மருத்துவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “நானூறு” என்றார். சொல்லிவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். படிக்கட்டே ஆடியது. பறவை மட்டும் ஆடாமல் இருந்து ஓர் ஈயைப் பிடித்துத் தின்றது.

நேற்று முன்தினம், புதன்கிழமை, பெயிண்டர் மிச்ச வேலையை முடிக்க வந்தார். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கைப்பிடியைக் காட்டி, “இப்ப பேசலாமாம்மா?” என்றார்.

“பேசுங்க, ஏன்?”

“அன்னிக்கு வாயைத் திறந்தா அடிக்க வந்தீங்களே. இங்க பாருங்க. யாரு நடந்திருக்கான்னு.”

பார்த்தேன். காய்ந்த பெயிண்டின் மேல் குட்டிக் குட்டியாகக் கால் அச்சு. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. வரிசையாக.

“அந்தக் குருவிதாம்மா. நான் அடிச்சிட்டு கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள நடந்துட்டுப் போயிருக்கு. துடைச்சிட்டு மறுபடி அடிச்சேன், மறுபடி வந்து உக்காருது. விரட்டினா ஒரு சுத்து சுத்திட்டு அதே இடத்துக்கே வருது. அப்புறம் உன்பாடு என்பாடுன்னு விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லலாம்னு பார்த்தா நீங்க அதுக்கு போட்டோ எடுக்கறீங்க.”

“அது கால்ல பெயிண்ட் ஒட்டியிருக்குமா?”

“கால்ல என்ன, சாக்ஸ் போட்ட மாதிரி இருந்துச்சும்மா!” என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் காலடியில் இருந்த டப்பாவைத் திருப்பி நிறத்தின் பெயரைப் படித்தேன். அதில் அச்சடித்திருந்தது: இளம் வெண்ணெய்.

அன்று நான் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம். நேற்றுக் காலை அதே கைப்பிடியில் பறவையைப் பத்து நிமிடம் பார்த்தேன். இடது காலில் பெயிண்ட் வெடித்து ஒரு பட்டை உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் கால் கருப்பு. கீழ் அலகின் நுனியும் கருப்பு. எப்போதும் கருப்பாகத்தான் இருந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் கருப்பு. காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அலகு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அலகைப் பற்றிப் படிவத்தில் ‘மஞ்சள்’ என்று எழுதியிருக்கிறேன். பார்க்காமலே எழுதியிருக்கிறேன் அண்ணி. கால் வெளுப்பு என்றால் அலகு மஞ்சள் என்று புத்தகம் சொல்கிறது, அதனால் மஞ்சள். பறவைக்குப் பெரிய கெடுதல் இல்லை; இன்னும் நாலு நாளில் மிச்சமும் உதிர்ந்துவிடும் என்று பெயிண்டர் சொல்கிறார், மழைக்கு நிற்காத ரகமாம்.

இனி எழுதப்போவது விண்ணப்பத்துக்குத் தேவையா என்று தெரியவில்லை, தேவையில்லை என்றால் ஆசிரியர் அடித்துவிடலாம். கண்ணாடிக் கடையில் நான் பதினெட்டு வருஷமாகக் கண் பரிசோதிக்கிறேன். வட்டமான, கனமான அந்தச் சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்து, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தொழிலில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. சிலபேர் நாம் என்ன கேட்டாலும் ஆமாம் போடுகிறார்களோ என்று சந்தேகம் வந்தால், வில்லையை எடுப்பது மாதிரி எடுத்து, அதே வில்லையைத் திரும்பப் போட்டு, “இப்ப இன்னும் நல்லா இருக்கா?” என்று கேட்போம். பாதிப் பேர், “ஆங், இப்பதான் சூப்பரா இருக்கு” என்பார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன், பொய் சொல்கிறார்கள் என்று. அவர்கள் பொய் சொல்வதில்லை என்று இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. நல்லாத் தெரிய வேண்டும் என்று ஆசை இருந்தால் நல்லாத்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் நின்று, “கால் எப்படி இருக்கு?” என்று கேட்டேனே, அதை எந்தக் குரலில் கேட்டேன் என்று எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. பதினேழு பேருக்கு ஒரே வில்லையைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறேன்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். பன்னிரண்டு வயதில், பஸ் நிலையத்தில், அப்பா என்று நினைத்து யாரோ ஒருவர் பின்னாலேயே ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பஸ்ஸிலேயே ஏறி, இரண்டு நிறுத்தம் போன கதையை நம் குடும்பத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. பெரும்பாலும் தாங்கள்தான் சொல்வீர்கள். நன்றாகவும் சொல்வீர்கள், அந்த மனிதர் டிக்கெட் எடுக்கும்போது “ஒண்ணரை” என்று கேட்டதை அவர் குரலிலேயே சொல்வீர்கள், நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சட்டை ஒரே நிறம். நடையும் ஒரே மாதிரி. நான் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாளிலிருந்து நான் என்ன பார்த்தேன் என்று சொன்னாலும் வீட்டில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொள்வார்கள். கண் பரிசோதனை படிக்கிறேன் என்று சொன்ன அன்றும் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் ‘சரி, போடறேன்’ என்று சொன்னபோது, முப்பத்து நாலு வருஷம் கழித்து அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கின மாதிரி இருந்தது. அதனால்தான் புதன்கிழமையே எழுத வேண்டிய இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

இடையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “விட்டுத் தள்ளு. குருவி கோர்ட்டுக்கா போகப்போகுது?” என்றார்.

“ஆனா அது பொய்யில்ல?”

“நீ பார்த்தப்போ கால் வெள்ளைதானே? அப்ப எங்க பொய்? பெயிண்ட் அடிச்ச கட்டடத்தைப் புதுக் கட்டடம்னு சொல்றதில்லையா?”

“அப்படிச் சொல்லக் கூடாதுங்க.”

“நான் மூணு லிப்ட்ல சொல்லிட்டேனே, அதுக்கென்ன பண்றது?” என்று அவர் கவலை வேறு மாதிரி போனது.

மாமனாரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. நோட்டில் அதற்குள் ஏழு பக்கம் ஆகியிருந்தது. சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “வராத வண்டியை வந்ததா எழுதக் கூடாதும்மா. எழுதிடு” என்றார். பிறகு ஸ்கேலை வைத்து, முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்த பறவையின் பெயரை ஒரே கோடாக அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்க்காமல், “நேரமெல்லாம் சரியாத்தானே இருக்கு? அதை அடிக்க வேண்டாமில்ல?” என்று கேட்டார். வேண்டாம் மாமா என்றேன்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் அந்தப் பதிவை நீக்கி, அடுத்த இதழில் நான்காம் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், தவறு என்னுடையது என்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தலைவரின் பெயரையும் மற்ற பதினாறு பேரின் பெயரையும் சேர்க்க வேண்டாம். அவர்கள் என் வீட்டுக்கு வந்து என் பேச்சைக் கேட்டுப் பார்த்தவர்கள். பல் மருத்துவரிடம் மட்டும் தாங்கள் நேரில், பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு சொல்லவும். அன்று காலை அவர் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் எடுக்கிறார். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குத் திரும்பின கையோடு அவர் என் வாய்க்குள் இடுக்கியை விடுவதை நான் விரும்பவில்லை. இனிமேல் நான் படிவம் அனுப்ப மாட்டேன். பைனாகுலரை உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். எதையும் பார்க்காமல் இருப்பதில் ஒரு நிம்மதி இருப்பது இன்றுதான் தெரிந்தது.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். அண்ணனின் கண்ணாடிக்கு இரண்டு வருஷமாகிவிட்டது, ஒருநாள் கடைக்கு வரச் சொல்லுங்கள், யாரிடம் பார்த்துக்கொள்வது என்பது அவன் விருப்பம். தங்கள் முட்டி வலி குறைந்து, தாங்கள் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, வருகிற படிவங்களையெல்லாம் இதே கண்டிப்போடு திருப்பி அனுப்ப வேண்டும் என்று வாழ்த்தி வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் மதிப்பிற்குரிய இதழின் வாசகி,
தங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: அண்ணி, மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் படித்திருப்பீர்கள், பரவாயில்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் கொடுப்பதற்காகப் பின்படியில் இறங்கினேன். இன்று சாயங்காலம் உங்கள் கட்டடத்து லிப்டைப் பார்க்க அவர் வருகிறாரே. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று, பெயிண்ட் பட்ட நம்முடைய பழையது. இடது காலில் பாதி கருப்பு, பாதி வெண்ணெய். அதை இன்னொன்று துரத்திக்கொண்டிருந்தது. துரத்தி முடித்து, என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில், தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. பைனாகுலர் அலமாரியில் இருந்தது, தேவைப்படவில்லை. முதலில் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் அலகை. கீழ் அலகு அடியிலிருந்து நுனிவரை மஞ்சள், அது வாயைத் திறந்தபோதும் மஞ்சள், மூடியபோதும் மஞ்சள். மார்பில் ஒரு பட்டையாகப் பழுப்பு, பக்கத்தில் வைத்துப் பார்க்க மற்றது அங்கேயே இருந்தது. கடைசியாகத்தான் காலைப் பார்த்தேன். வெண்ணெய் இல்லை, எந்த டப்பாவிலும் இல்லாத நிறம், கைக்குழந்தையின் உள்ளங்கால் மாதிரி, முன்னாலும் பின்னாலும் மடிப்பிலும் ஒரே நிறம். நான்கு நிமிடம் பார்த்தேன். மேலே ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வரலாம் என்று தோன்றியது, போகவில்லை. மாமனாரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது, கூப்பிடவில்லை.

ஆகவே மேற்படி விண்ணப்பத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். புகைப்படம் தவறுதான், அதை எடுத்துவிடுங்கள், தேதியை இன்றைய தேதியாக மாற்றுங்கள், பறவை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினேழு பேரும் எதைப் பார்த்தார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரே நிமிடத்தில் ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கலாம், முன்னால் நின்றவர் ஒன்றையும் பின்னால் நின்றவர் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். பல் மருத்துவரிடம், அவர் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் இருக்கலாம் நானூறிலும் இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள், எப்படிச் சொன்னாலும் செவ்வாய்க்குப் பிறகே சொல்லுங்கள். புதுப் படிவம் இணைத்திருக்கிறேன். வேறு இனங்களை விலக்கியது எப்படி என்ற கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாள் ஒட்டியிருக்கிறேன். ‘உடன் பார்த்தவர்கள்’ என்ற கட்டத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் அண்ணி. நாளைக் காலை ஏழு மணிக்கு நீங்களே வாருங்கள், அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விடுவான், எங்கள் லிப்ட் நன்றாகவே ஓடுகிறது. பின்படியில் நாற்காலி போட்டு வைக்கிறேன். எந்தக் கிளை என்றுகூடச் சொல்ல மாட்டேன், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்கள் பாட்டுக்குப் பாருங்கள். நான் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருப்பேன். என்ன தெரிந்தது என்று வெளியே வந்து கேட்கவும் மாட்டேன்.

ஆனால் சமையலறைக் கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன்.